ஒன்பது மேதைகள்

"இதுங்களா மேடம் மேதைங்க? இதுங்களா?"

கத்திக்கொண்டே எச்.எம். அறைக்குள் நுழைந்தார் வரலாறு டீச்சர். கையில் இருந்ததை மேஜைமேல் கொட்டினார். ஒரு இரும்புக் கிண்ணம், ஒரு கம்பிச் சுருள், நாலு ஸ்க்ரூ.

"என்னது இது?"

"நம்ம ஸ்கூல் பெல். சத்தம் எங்கேருந்து வருதுன்னு பார்த்தானாம், சயின்ஸ் சார் அனுப்பின மகாராஜன்!"

"ஓ! அதான் இன்டர்வெல் இன்னும் முடியலையா?" எச்.எம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மைதானத்தில் மொத்தப் பள்ளியும் ஆனந்தமாக ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

இந்த வருடம்தான் அந்த உயர்நிலைப் பள்ளியில் திறமைசாலிப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாததா என்று எச்.எம். ஆசிரியர்களிடமே விட்டுவிட்டார். ஒன்பது ஆசிரியர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு பிள்ளையைச் சொன்னார்கள். வகுப்புப் பொறுப்பு பத்தாவது ஆளான வரலாறு டீச்சருக்கு வந்தது. அவரும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இதோ, மூச்சு வாங்க நிற்கிறார்.

"இங்கிலீஷ் டீச்சர் அனுப்பின பொண்ணு இருக்காளே, அந்த ஏனம்மா..."

"ஏனம்மாவா?"

"எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேட்டா வேற என்ன பேர் வைப்பாங்க? ராஜா செத்த தேதியைச் சொல்றேன் மேடம். இவ எழுந்து, அன்னைக்கு அரண்மனை சமையல்காரருக்கு லீவா, ஏன் லீவு, யார் கொடுத்தாங்கன்னு கேட்கிறா!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லைப்ரரியில போய் ரெண்டு நாள் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"கிடைக்கலை. அதுல வேற எனக்குத் தூக்கமே போச்சு! கணக்கு சார் அனுப்பின பையன், நான் போர்டுல எழுதின வருஷத்தைத் திருத்துறான்."

"தப்பா எழுதியிருந்தீங்களா?"

"எழுதியிருந்தேன். அதுக்காக?"

எச்.எம். சட்டென்று குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இப்பதான் மேடம் எனக்கு விளங்குது. அவங்கவங்க வகுப்புல எது பெரிய தலைவலியோ, அதை மேதைன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. இது பச்சைத் துரோகம்! ஒன்பதையும் திருப்பி அனுப்பிடுங்க."

"அனுப்பிடலாம். வகுப்பை மூடிட வேண்டியதுதான். நீங்களும் பழையபடி ஸ்டாஃப் ரூமுக்கே போயிடலாம். சம்மதமா?"

"நூறு தடவை சம்மதம்."

"அப்ப நீங்களே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

வரலாறு டீச்சர் விறுவிறுவென்று நடந்தார். வழியில் தனி வகுப்பின் வாசலில் ஏனம்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே எட்டுத் தலைகளும் இந்தப் பக்கமே திரும்பியிருந்தன.

"டீச்சர், எங்களை அனுப்பப் போறீங்களாமே?"

"ஆமா."

"சரி டீச்சர்."

அவ்வளவுதான். ராஜாவின் சமையல்காரரைக்கூட விட்டு வைக்காதவள், இதற்கு மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. போய்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்கே போய் என்ன செய்வே?" டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

"வாயை மூடிட்டு உட்காருவேன் டீச்சர். பழக்கம்தான்."

டீச்சர் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான் என்று நடந்தார்.

ஸ்டாஃப் ரூமில் ஒரே அமளி. எச்.எம். அறை வாசலில் நின்று ஒட்டுக்கேட்ட பி.டி. மாஸ்டர், முன்னாலேயே ஓடி வந்து வழியெல்லாம் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். மணி அடிக்காத தைரியத்தில் எல்லோர் கையிலும் இரண்டாவது டீ.

"ஐயோ, அந்த ஏனம்மா எனக்கு வேண்டாம் சார்!" இது இங்கிலீஷ் டீச்சர்.

"உங்களுக்காவது வெறும் கேள்வி. என் ஆளு வந்தான்னா முதல்ல என் ஃபேனைக் கழட்டுவான்!" என்று அலறினார் சயின்ஸ் சார்.

'நல்லா வேணும்!' கதவுக்கு வெளியே நின்ற வரலாறு டீச்சருக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் அலறட்டும் என்று அங்கேயே நின்றார்.

அப்போதுதான் கணக்கு சாரின் குரல் கேட்டது.

"அட, பிள்ளைங்களை விடுங்க. அதட்டி உருட்டி எப்படியாவது சமாளிச்சுக்கலாம். வகுப்பை மூடினா கூடவே வரலாறு டீச்சரும் இங்க திரும்பி வருவாங்களே, அதை யோசிச்சீங்களா? மீட்டிங்குக்கு மீட்டிங் எழுந்து, இது எதுக்கு, அது எதுக்கு, யார் சொன்னதுன்னு நம்ம உயிரை எடுப்பாங்களே! நாம எல்லாரும் ஒத்துமையா அந்தம்மா பேரை எச்.எம். கிட்ட சொன்னது பின்னே எதுக்காம்?"

"ஐயையோ!" என்றது மொத்த ஸ்டாஃப் ரூமும்.

வரலாறு டீச்சருக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் போடாமல் எச்.எம். அறைக்கே திரும்பி நடந்தார்.

"என்ன டீச்சர், சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம். யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். நாங்க பத்துப் பேரும் அங்கேயே இருந்துக்கறோம்."