இதயத்தின் நுனி

ஜெல் தடவிய கருவியை அவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள் ஜெரினா.

திரையில் இதயம் தெரிந்தது. சுருங்க வேண்டிய அளவுக்கு அது சுருங்கவில்லை.

"சீக்கிரம் முடிங்கம்மா. நாளைக்கு டூட்டில சேரணும். தென்காசி வண்டி."

இசக்கிபாண்டி, அரசுப் பேருந்து ஓட்டுநர். கொரோனா வந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. மூச்சிரைப்பு விடவில்லை. வேலைக்குத் திரும்பச் சான்றிதழ் கேட்டு வந்தவரை, எதற்கும் இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுக்கட்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள்.

கருவியைச் சற்றுச் சாய்த்தாள்.

இதயத்தின் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டைக்காய் அளவு. ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தது.

ரத்தக் கட்டி.

பிய்ந்தால் நேராக மூளைக்குப் போகலாம்.

"அப்படியே அசையாம படுத்திருங்கண்ணே. இன்னும் ரெண்டு படம் எடுக்கணும்."

எடுக்க வேண்டிய படங்களெல்லாம் எடுத்தாகிவிட்டது. வலது கை அவர் மார்பிலேயே இருந்தது. இடது கையால் டாக்டர் ஹெப்சிபாவுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே வாங்க மேடம்.

"வண்டி எங்கெல்லாம் நிக்கும்ணே?"

அவர் முகம் மலர்ந்தது. பேட்டை, சீதபற்பநல்லூர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆலங்குளத்தில் பீடிக்கட்டுகளோடு ஏறும் பெண்கள், ஒரு நிமிடம் பிந்தினாலும் ஏசுவார்களாம்.

அவர் பேச்சில் பாவூர்சத்திரம் வருவதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

திரையைப் பார்த்தார். பிறகு இசக்கிபாண்டியின் தோளில் கை வைத்தார்.

"இதயத்துல சின்னதா ஒரு ரத்தக் கட்டி இருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் சிலருக்கு வருது. மருந்துல கரைச்சிரலாம். ஆனா, இப்பவே அட்மிட் ஆகணும்."

"நடந்துதானே டாக்டர் வந்தேன்?"

ஸ்ட்ரெச்சர் வந்தது.

மாலை நான்கு மணிக்கு டாக்டர் மறுபடி எட்டிப் பார்த்தார். இசக்கிபாண்டிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, இட்லி சாப்பிட்டார், வண்டியை யார் எடுப்பார்கள் என்றுதான் கவலை என்றார்.

கிளம்பியவர் நின்றார்.

"ஜெரினா, உனக்கும் போன மாசம் பாசிட்டிவ்தானே?"

"லேசாத்தான் மேடம். ரெண்டே நாள்."

டாக்டர் போய்விட்டார்.

நான்கு நாட்களாக மாடிப்படியின் பாதியில் நின்று நின்று ஏறுவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

கடைசி நோயாளி போனதும் கதவைச் சாத்தினாள். விரிப்பை மாற்றினாள். அதே கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கருவியைத் தன் மார்பில் வைத்தாள்.

ஜெல் இவ்வளவு குளிரும் என்று, ஒன்பது வருடமாக எக்கோ எடுத்தும் அவளுக்குத் தெரியாது.