மூன்று உருண்டைக் களியும் ஒரு நெஞ்சுவலியும்

எந்திரக்கல்லில் களி மாவுக்குக் கேவுரு அரைத்துக்கொண்டிருந்தேன். பத்துச் சுற்று சுற்றினால் நெஞ்சைப் பிடிக்கும். நிறுத்துவேன். மாமியார் இருமினால் மறுபடி சுற்றுவேன்.

போன மாசம் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வேலைக்கு டிமிக்கியா?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு மூன்று உருண்டைக் களியைத் தின்று கை கழுவிய மாமியார், "ஐயோ, நெஞ்சு!" என்று அப்படியே சாய்ந்தார்.

வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்தார். உத்திரமேரூர் டாக்டர் ஏசுதாசைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நான் எழுந்து ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆம்பளை டாக்டர் என்றால் எனக்கு வெட்கம்.

"ஏப்பம் வருதாம்மா?"

"ஏப்பமா? கிடையவே கிடையாதுங்க டாக்டரய்யா" என்று மாமியார் சொல்லி முடிப்பதற்குள் விட்டார் ஓர் ஏப்பம். முற்றத்துக் கோழி துள்ளி ஓடியது.

டாக்டர் சிரிக்கவில்லை. மார் எலும்பை விரலால் அழுத்தினார். "இங்க அமுக்கினா வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப எப்பதான் வலிக்குது?"

"எந்திரம் சுத்தினா அடைக்குது. ரெண்டு குடம் தண்ணி தூக்கினா பாதி வழியில நின்னுட வேண்டிகீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம். மாமியார் எந்திரத்தையும் தொட்டதில்லை, குடத்தையும் தொட்டதில்லை.

"படுத்தா?"

"மூச்சு முட்டுது. சொவத்துல சாஞ்சிக்கினுதான் தூக்கம்."

மாமியார் விடுகிற குறட்டை திருமுக்கூடல் வரைக்கும் கேட்கும். சுவரில் சாய்ந்து தூங்குகிறவள் நான்! என் அம்மா வீட்டு அண்டாவை எடுத்துக்கொண்டார், பொறுத்தேன். இப்போது என் வலியையுமா? டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டால், கால் பிடித்துவிடுகிற வேலையும் சேர்ந்து என் தலையில்தான் விடியும்.

டாக்டர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நீங்க சொல்றது இருதயக் கோளாறும்மா. ஆனா உங்க இருதயம் எருமை மாதிரி இருக்கு. பாடம் படிச்சவங்க மாதிரி சொன்னீங்களே, யார் சொல்லிக் குடுத்தது?"

மாமியார் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தார்.

"ஆரும் சொல்லல. ஆறு மாசமா கண்ணால பாத்துக்கினு கீறேன். நோவு எனக்கில்ல, கதவாண்ட ஒளிஞ்சிக்கினு நிக்குதே, அதுக்கு. அது வாயத் தொறக்காது. அதுக்கு ஒடம்புன்னா இவன் சைக்கிள எடுப்பானா? ஆத்தாளுக்குன்னாதான் பறப்பான்!"

வீட்டுக்காரர் கதவுப் பக்கம் திரும்பி நின்றார்.

"இன்னாடா ராஜாராமு, நட்டு வெச்சாப்பல நிக்கற? போயி மீதி கேவுர அர!"

அவர் குந்தினார். ஒரு பிடி கேவுரைக் கல்லுக்கு மேலே கொட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். "ஐயோ, அப்படி இல்லீங்க, அந்தக் குழியிலதான்" என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அடியே அம்முலு! டாக்டரு காத்துக்கினு கீறாரு, வாடி!"