கடல் தெரியாத படம்

கடற்படைக் கல்லூரி வாசலில் இரண்டு பெரிய இரும்புக் கதவுகள், புருஷன் பெண்டாட்டி மாதிரி எதிரும் புதிருமாக நின்றன. ஒருநாள் வாசலைப் படம் பிடிக்கப் புகைப்படக்காரர் வந்தார்.

"திறந்தே நிற்போங்க. உள்ளே கடல் இருக்கு, கப்பல் இருக்கு. பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டுமே" என்றாள் இடது கதவு.

"உனக்கென்ன தெரியும்? மூடினாத்தான் என்மேல இருக்கிற சிங்கம் எடுப்பாத் தெரியும்."

வலது கதவு தாழ்ப்பாளை இறுக்கிக்கொண்டான். காவலாளி தள்ளிப் பார்த்துக் களைத்துப் போனார். மூடிய கதவுகளைத்தான் படம் பிடித்தார்கள்.

பிறகு கல்லூரி வேறு ஊருக்குப் போனது. கதவுகளை உருக்கிவிட்டார்கள். மிஞ்சிய அந்தப் படம் இப்போது ஓர் ஓட்டலில், கை கழுவும் இடத்தில் தொங்குகிறது.

நேற்று ஒருவர் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த ஊர் ஜெயில்ங்க இது?" என்று சர்வரைக் கேட்டார்.

அவர் போன பிறகு, படத்துக்குள் இருந்த வலது கதவு மெல்லக் கேட்டான்.

"ஏம்மா, கொஞ்சம் திறப்போமா?"

"இந்தப் புத்தி அன்னைக்கே..." என்று ஆரம்பித்தவள், அவன் குரல் உடைந்திருப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்துதான் தள்ளினார்கள். காகிதத்தில் தாழ்ப்பாள் நகரவில்லை.