துப்பறியும் கலந்தருக்கு ஒரு மனு

“அவனக் கலந்தர்ர கையில புடிச்சிக் குடுத்துராதீங்க தங்கச்சி!”

கதவைத் திறந்த நஸ்லியா சிரித்துவிட்டாள். கலந்தர், வாரப் பத்திரிகையில் அவள் எழுதும் தொடர்கதையின் துப்பறிவாளர். கதைக்குள் இருக்கும் ஒருவனுக்காக மனுக் கொண்டு சாய்ந்தமருதுக்கு வீடு தேடி வந்த முதல் வாசகி இவள்தான்.

“உள்ளுக்கு வாங்க ராத்தா. எங்க இருந்து வாறீங்க?”

“அட்டாளைச்சேனை. பேர் ஹாஜறா.” வந்தவள் அபாயாவின் நுனியைக் கசக்கியபடி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். “அடுத்த கிழமையோட கதை முடியுதாமே. அந்த டிரைவர என்ன செய்யப் போறீங்க?”

“வேற என்ன? கலந்தர் கண்டுபுடிச்சி விலங்கு போடுவார்.”

கதையில் ஒரு கார், சைக்கிளில் போன பையனை மோதிவிடுகிறது. ஓட்டியவன் பையனைக் காரில் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுத் தலைமறைவாகிறான். பையன் பிழைக்கவில்லை. போன வருடம் அக்கரைப்பற்று றோட்டில் உண்மையாகவே நடந்த விபத்தைப் பேப்பரில் படித்துத்தான் நஸ்லியா இதை எழுதத் தொடங்கினாள். அந்த ஓட்டுநர் இன்னும் அகப்படவில்லை.

“அவன் வேணுமெண்டு செய்யல்லதானே? றோட்டுல போட்டுட்டுப் போகல்லதானே?”

“பொறகு ஏன் ஒளிக்கணும்? செத்த புள்ளைக்கு நியாயம் வேணாமா ராத்தா?”

“வேணும். ஆரு வேணாமெண்ட? ஆனா விலங்கோட முடிச்சா, வாசிக்கிறவன் பயந்து இன்னும் தூரத்துக்கு ஓடிருவான்.” ஹாஜறாவின் குரல் இறங்கியது. “கலந்தர் அவன்ட தோள்ல கைய வெச்சி, ‘வாங்க தம்பி, நானும் கூட வாறன்’ எண்டு கூட்டிட்டுப் போற மாதிரி எழுதுங்களன்.”

வாசிக்கிறவன்! நஸ்லியாவுக்கு விளங்கிவிட்டது. இது கதையில் வரும் ஓட்டுநரைப் பற்றிய பேச்சு இல்லை. உண்மையான ஓட்டுநர் எங்கோ ஒளிந்திருக்கிறான். இவளுக்கு அவனைத் தெரியும்.

கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கோபத்தைக் காட்ட முடியவில்லை. எத்தனை நாள் தூங்காத கண்களோ. நஸ்லியா உள்ளே போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குடிங்க ராத்தா. கதைய நீங்க சொன்ன மாதிரியே முடிக்கிறன். ஆனா ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லுங்க. அந்த டிரைவர் உங்கட மகனா? பொலிசுக்குப் போறதெண்டா நானும் கூட வாறன்.”

ஹாஜறா இல்லையென்று மெல்லத் தலையசைத்தாள்.

“டிரைவர் ஆரெண்டே எனக்குத் தெரியா தங்கச்சி. சைக்கிள்ல போய் மௌத்தாப் போன புள்ளதான் என்ட மகன். அந்தக் காருக்குள்ள என்ட புள்ள கடைசியா என்ன கதைச்சான் எண்டு, அந்த ஆளுக்கிட்ட மட்டுந்தானே நான் கேக்கலாம்!”