பின்னால் வந்த எண்

வெளிநாட்டு அநாதைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட நிதி திரட்டி, பதினோரு பேர் எட்டு நாள் சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். வரிசையில் கடைசி ஆள் சின்னவள், வயது பதினைந்து. "பயம்னு ஒரு வார்த்தை சொன்னா வேன்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லித்தான் அத்தை கூட்டிவந்திருந்தாள்.

யாரும் விடுபடாமல் இருக்க, மணிக்கொரு தரம் முன்னாலிருந்து ஒவ்வொருவராக எண் சொல்லிக்கொண்டே வருவார்கள். மூன்றாம் நாள் சின்னவள் "பதினொண்ணு" என்றதும், பின்னால் யாரோ குஷியாக "பன்னெண்டு" என்றார்கள். திரும்பினாள். வெறும் சாலை. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மறுநாள் மேட்டில் எண் சொன்னபோது பன்னெண்டு வரவில்லை. வரிசையில் முதல் ஆளாகப் போன பேக்கரிக்காரர் பிரேக் போட்டார்.

"ஒரு ஆள் குறையுதே."

"அத்தை, நாம பதினோரு பேருதானே?"

"சும்மா இருடி. பாவம், விட்டுட்டா போக முடியும்?"

"உக்கார்ற இடம் புண்ணாயிருக்கும்" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் சிரித்தபடி காத்திருந்தார்கள்.

சின்னவளின் முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. எல்லா முகமும் மலர்ந்தது.

"இனிமே எனக்குப் பின்னாடியே வா, கண்ணு" என்றாள் அத்தை, சின்னவளின் தோளுக்கு மேலே பார்த்து.

சின்னவள் அத்தைக்கும் தனக்கும் நடுவே ஒரு சைக்கிள் அளவு இடம் விட்டு, இறக்கம் முழுக்க இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்து ஓட்டினாள்.