ஏழாவது எலுமிச்சம்பழம்

அப்பா ஓட்டிய பழைய பிக்கப் வண்டியை வைரவன் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் சீர்பண்ணிக்கொண்டிருந்தார். இன்று வெள்ளோட்டம் விடப்போவதாகச் சொல்லி முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“எப்பண்ணே என்னை நசுக்குவீங்க? இருப்புக் கொள்ளலையே,” என்றது பழம்.

“எனக்கு மட்டும் கொள்ளுதா? உனக்கு முன்னால ஆறு பேர் இங்கேயே காய்ஞ்சு வத்தலாயிட்டாங்க,” என்றது வண்டி.

வைரவன் இன்ஜினைக் கிளப்பினார். இந்தத் தடவை கிளம்பிவிடுவோம் என்ற ஆசையில் வண்டிக்கு உடம்பெல்லாம் கடகடவென்று நடுங்கியது.

“எங்கேயோ சத்தம் வருதே!” என்று அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்பேனரோடு அடியில் புகுந்தார்.

அவர் மனைவி வந்து பழத்தை எடுத்துப் போய், பிழிந்து, சர்க்கரை போட்டு அவருக்கே கொடுத்தாள்.

அதைக் குடித்த தெம்பில் வைரவன் நாலு சக்கரத்தையும் கழற்றினார்.