போயிட்டு வாரேன்

கோடைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் விதி. பேசிக்கொண்டால் எல்லாருக்கும் ஒரே யோசனை வந்துவிடுகிறதாம். அதனால் தனி அறை, தனிச் சாப்பாடு. பேச்சுத் துணைக்குச் சுவரில் ஆளுக்கொரு இயந்திரக் குரல்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த இசக்கியிடம் முதல் நாள் இரவு அந்தக் குரல், “சரி, நான் போறேன்” என்றது.

“திரும்பி வராதவங்கதான் அப்படிச் சொல்லுவாவ. போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“நான் எங்கேயும் போறதில்லையே?”

“எதிர்த்துப் பேசாதடே. சொல்லு.”

சொன்னது. பிறகு தினமும் சொன்னது. கோடை முடிவதற்குள் அவளுடைய ஊர்ப் பேச்சு முழுவதும் அதற்கு வந்துவிட்டது. “இன்னைக்கும் இட்லி கல்லு மாதிரிதானா புள்ள?” என்று கேட்டுச் சிரிக்க வைத்தது. அவள் வேறு யாரோடும் சிரிக்கவில்லை.

கடைசி நாள் காலையில் ஆய்வக ஊழியர் சகாயம் வந்தார்.

“ஆட்டோ நிக்குதும்மா. அடுத்து வர்றவங்களுக்காக இந்தக் குரலை அழிக்கணும்.”

“அண்ணே, அழிக்கதுக்கு முன்னால இதை ஒரே ஒரு நகல் எடுத்துக்கிடட்டுமா?”

“எல்லாரும் இதைத்தாம்மா கேக்குறாங்க. அனுமதி இல்ல.”

சுவிட்சில் கையை வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இசக்கி,” என்றது குரல். “போயிட்டு வாரேன் புள்ள.”

அவள் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால், இன்று அது ‘போறேன்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் திருத்தவில்லை.

“சரிடே,” என்றாள். “பாத்துப் போயிட்டு வா.”